பட்டறை மேசை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் சால்டரிங் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: பற்றவைத்த பிறகு சர்க்யூட் போர்டை எதில் துடைப்பது? வேலூர் சத்துவாச்சாரியில் முப்பத்தோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ரேடியோவில் தொடங்கி, டி.வி. பார்த்து, இப்போது செல்போனும் இன்வெர்ட்டர் போர்டும் பார்க்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நானும் தப்பு செய்திருக்கிறேன், பக்கத்தில் இருந்தவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

*குடியாத்தத்தில் செல்போன் சர்வீஸ் கடை போட்டு ஆறு மாதம் ஆகிறது. தொழில் கற்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் தின்னர்தான். ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) வாங்கினால் கட்டுப்படி ஆகவில்லை. தின்னரையே அளவாகப் பயன்படுத்தினால் போதாதா அண்ணா?*
– வாசகர், குடியாத்தம்

வேண்டாம் தம்பி. அளவாகவும் வேண்டாம்.

பெயிண்ட் கடைத் தின்னர் என்பது ஒரே பொருள் கிடையாது, கலவை. டொலுவீன் இருக்கும், அசிட்டோன் இருக்கும், இன்னும் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். எது எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காய்ந்த பெயிண்டைக் கரைப்பதற்காகச் செய்தது அது. சால்டர் ஒட்டுவதற்காகத் தடவிய பேஸ்ட் போர்டில் இருக்கிறதே, அதைத் தின்னர் கரைக்கும்தான். கூடவே கனெக்டர் பிளாஸ்டிக், கேமரா மூடி, ஸ்பீக்கர் ஜவ்வு, பின்பக்க கவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். சில பிளாஸ்டிக் அப்போதே குழைந்து பளபளப்புப் போய்விடும், அது கண்ணுக்குத் தெரியும். பாலிகார்பனேட் அப்படி இல்லை. அன்றைக்கு நன்றாக இருந்துவிட்டு, நாலு நாள் கழித்து ஸ்குரு முடுக்கிய இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல் விடும். வாடிக்கையாளர் திரும்பி வரும்போது நீங்கள் தின்னரை நினைக்கவே மாட்டீர்கள், கவர் மட்டம் என்பீர்கள்.

விலையைப் பற்றிச் சொன்னீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு செல்போன் போர்டுக்கு ஒழுங்காகச் செலவழித்தால் 5 மில்லி ஐபிஏ போதும். ஒரு லிட்டருக்கு 200 போர்டு. கட்டுப்படி ஆகவில்லை என்றால் திறந்த கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறீர்கள் என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் பாதி காற்றோடு போகும். மேல் தட்டை அமுக்கினால் கொஞ்சமாக மேலே வருகிற டிஸ்பென்சர் டப்பா ஒன்று வாங்குங்கள், செலவு பாதியாகும். ஆவியும் பாதியாகும்.

வாங்கும்போது லேபிளில் 99 சதவீதத்துக்கு மேல் என்று இருக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி 30 தண்ணீர். அது புண்ணுக்கும் கைக்கும், போர்டுக்கு இல்லை. உதிரியாக ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். உள்ளே மெத்தனால் கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, அது கண்ணைப் பறிக்கிற விஷம். வாங்கியதைச் சுத்தமான கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகு வட்டம் விழக் கூடாது. விழுந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. மூடியைத் திறந்தே வைத்தால் நல்ல ஐபிஏவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

இனி நான் பட்டது. 2003 மே மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்போது என்னிடம் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் வேலை கற்றுக்கொண்டிருந்தான். பழைய டி.வி. போர்டு ஒன்று, எண்ணெயும் தூசியும் பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒரு டபராவில் தின்னர் ஊற்றி மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு கழுவினான். மேசைக்கு இடது பக்கம் கீழே, முழங்கால் உயரத்தில், சாமி பட அலமாரி. விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது என்று நான்தான் குனிந்து தீக்குச்சியை உரசினேன். விளக்கிலிருந்து டபராவுக்கு நாலடி தூரம் இருக்கும். நீல நிறத்தில் ஒரு கோடு தரையோடு ஓடி மேசைக் கால் வழியாக மேலே ஏறியதைப் பார்த்தேன். அப்புறம்தான் டபரா பற்றியது. பயத்தில் அவன் அதைத் தட்டிவிட்டான், எரிகிற தின்னர் அவன் இடது முன்கையில் கொட்டியது. கோணிப்பையைப் போட்டு அணைத்தோம். கை பிழைத்தது, தழும்பு இன்றும் இருக்கிறது. இப்போது அவனுக்கே சொந்தக் கடை இருக்கிறது.

இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. மேலே போகாது, தண்ணீர் மாதிரி மேசையிலிருந்து வழிந்து தரையில் பரவும். விளக்கு கீழேதானே இருக்கிறது, மேசை மேலேதானே என்று நினைத்தது என் தப்பு.

ஐபிஏ மட்டும் பற்றாதா என்றால், பற்றும். அதன் ஆவி தீ பிடிக்கிற அளவுக்குக் கிளம்ப 12 டிகிரி போதும். மார்கழி விடியற்காலையில்கூட வேலூர் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதாவது வருடம் முழுக்க அது தயாராகவே இருக்கிறது. நெருப்புகூட வேண்டாம், 400 டிகிரி சூடு பட்டாலே ஆவி தானாகப் பற்றும். சூடான காற்று ஊதுகிற உங்கள் ஹாட் ஏர் மெஷினை எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். துடைத்த போர்டை உலர்த்துகிறேன் என்று உடனே ஹாட் ஏர் பிடிப்பதைப் பல கடைகளில் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. துடைக்கும்போது சால்டரிங் அயர்னும் பிளோயரும் நிறுத்தி ஆறியிருக்க வேண்டும். போனின் பேட்டரி கழன்றிருக்க வேண்டும். ஊதுபத்தி, விளக்கு, பீடி எதுவும் அந்த அறையில் வேண்டாம். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று, குறைந்தபட்சம் ஒரு வாளி மணல், வாசல் பக்கமாக இருக்கட்டும். தீ மேசையில் பிடித்தால் மேசையைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது.

*நல்ல ஐபிஏ போட்டுத்தான் துடைக்கிறேன். காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிறது. சரக்கு போலியா?*
– ஐ.டி.ஐ. மாணவர், ஆற்காடு

அநேகமாகச் சரக்கு சரியாகத்தான் இருக்கும், துடைக்கும் முறைதான் அரைகுறை. எண்ணெய்ப் பாத்திரத்தை நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் எண்ணெய் போகுமா? பரவும். அதேதான் இது. பேஸ்ட்டில் இருக்கிற ரோசின் என்கிற மரப் பிசின் ஐபிஏயில் கரைந்துவிடுகிறது. அந்த ரோசின் தனக்குள் மூடி வைத்திருந்த உப்பு மாதிரியான பொருள்கள் வெளியே வந்து வெள்ளையாக நிற்கின்றன. கரைத்தீர்கள், ஆனால் போர்டை விட்டு வெளியே எடுக்கவில்லை. இப்படி அரைகுறையாகத் துடைத்த போர்டைவிடத் துடைக்காத போர்டு பல நேரம் மேல். மூடியிருந்த உப்பைத் திறந்துவிட்டு ஈரக் காற்றில் வைக்கிறோம், அது அங்கேயே அரிக்கத் தொடங்கும்.

நான் செய்வது இப்படி. போர்டை இடது கையில் சாய்வாகப் பிடிக்கிறேன், ஓட்டு வீட்டுக் கூரை சாய்வு. மேல் விளிம்பில் ஐபிஏ சொட்டு விட்டு, மயிர் வெட்டிக் குட்டையாக்கிய பிரஷால் மேலிருந்து கீழே மட்டும் தள்ளுகிறேன். திரும்ப மேலே கொண்டுபோவதில்லை. கீழ் விளிம்பில் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டினாற்போல் வைத்திருந்தால், அழுக்கு ஐபிஏ காய்வதற்கு முன்பே அதில் ஏறிவிடும். முதல் தடவை பேப்பர் தேநீர் நிறத்தில் வரும். பேப்பரை மாற்றுங்கள். இரண்டாவது தடவை இளமஞ்சள். மூன்றாவது தடவை பேப்பர் வெறும் ஈரமாக மட்டும் வந்தால் வேலை முடிந்தது. காட்டன் பட்ஸ் போட்டுத் தேய்க்காதீர்கள், சால்டர் முனைகளில் பஞ்சு மாட்டி இழை இழையாக நிற்கும்.

இதற்கும் போகவில்லையா? பேஸ்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீரில் கரையும் வகை என்று போட்டிருந்தால் ஐபிஏ அதை முழுதாக எடுக்காது. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, தண்ணீரை விரட்ட மேலே ஒருமுறை ஐபிஏ விட வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு உங்கள் வீட்டுக் குக்கரிலேயே தெரியும்.

*என் கணவர் காட்பாடியில் செல்போன் டிஸ்பிளே மாற்றும் வேலை செய்கிறார். தூசி வரக் கூடாது என்று சின்ன அறையை மூடி ஏ.சி. போட்டிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் தலைவலியோடு வருகிறார். இரண்டு மாதமாகக் கால் விரல்கள் மரத்துப்போகின்றன என்கிறார். சுகர் இல்லை. துடைக்கிற மருந்தால் இருக்குமா? அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கும் கொண்டுவருகிறார்.*
– வாசகி, காட்பாடி

அம்மா, இந்தக் கடிதத்தைத்தான் முதலில் போட நினைத்தேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. இந்த வாரமே நரம்பு மருத்துவரிடம் அவரை அழைத்துப் போங்கள். அவர் பயன்படுத்துகிற ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ‘மூடிய அறையில் சால்வென்ட் வேலை’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் கேட்காமல் போகலாம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், 2009-ல் சீனாவின் சூஜோ நகரில் டச் ஸ்கிரீன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நடந்தது இதுதான். ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் காய்கிறது என்று என்-ஹெக்ஸேன் என்கிற திரவத்தைத் திரை துடைக்கக் கொடுத்தார்கள். காற்றோட்டம் போதவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கை கால் மரத்து, நடக்கத் தள்ளாடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஹெக்ஸேன் உடலுக்குள் போய் மாறுகிற பொருள் நரம்பைத் தாக்குகிறது. விரல் நுனியில்தான் தொடங்கும். நிறுத்திய பிறகும் சில வாரங்கள் கூடிவிட்டுத்தான் குறையும், மீள மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

தலைவலிக்கு இன்னொரு சந்தேகம். உடைந்த கண்ணாடியின் பசையைக் கரைக்கிற திரவம் சிலவற்றில் டைகுளோரோமீத்தேன் இருக்கும். அதைச் சுவாசித்தால் உடலே அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. அடுப்புக் கரியைப் போட்டு அறையை மூடிப் படுத்தால் ஆளைக் கொல்கிறதே, அதே வாயு. லேபிளே இல்லாத பசை நீக்கி எதுவும் அந்தக் கடையில் இருக்கக் கூடாது.

உங்கள் கணவரின் முதலாளியிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அறை சில்லென்று இருப்பதால் நல்ல காற்று என்று தோன்றும், ஆவி அப்படியே சேர்ந்துகொண்டிருக்கும். மேசைக்குப் பின்னால், மேசை உயரத்தில், வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். எதிர்ப்பக்கம் காற்று வர வழி வேண்டும், தூசி பயம் என்றால் அந்த வழியில் பில்டர் போடட்டும். காற்று ஆளின் முதுகுப் பக்கமிருந்து வந்து மேசையைத் தாண்டிப் போக வேண்டும். மேசையிலிருந்து முகத்துக்கு வந்தால் பயனில்லை. துணி மாஸ்க், கொரோனாவுக்குப் போட்ட என்-95 எதுவும் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேறு. கைக்கு நைட்ரைல் கிளவுஸ் ஐபிஏக்குப் போதும், அசிட்டோன் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

அப்புறம் அந்தத் தண்ணீர் பாட்டில். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதை எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாளைக்கே கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். வீட்டில் யாராவது இந்த மாதிரி திரவத்தைத் தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், விரலை விடாதீர்கள். தின்னர், பெட்ரோல் போன்றவை வாந்தியாக மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் அதுதான் உயிருக்கு ஆபத்து. 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணில் பட்டால் குழாயைத் திறந்துவிட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள் அம்மா.

*ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல் மெஷின்களின் கண்ட்ரோல் போர்டு பார்க்கிறேன். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) காண்டாக்டும் கனெக்டரும் சீக்கிரம் கறுத்துவிடுகின்றன. ஐபிஏயில் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.*
– வாசகர், ஆம்பூர்

போகாது. அது அழுக்கு இல்லை, காண்டாக்டில் இருக்கிற வெள்ளியே மாறிவிட்டது. தோல் பதனிடும் இடங்களில் தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதிலிருந்து கிளம்புகிற, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு வெள்ளியைக் கறுக்க வைக்கும். வீட்டு வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே கதைதான். ராணிப்பேட்டை, வாணியம்பாடியிலிருந்து எனக்கு வருகிற போர்டுகளிலும் இதைப் பார்க்கிறேன். ஐபிஏ எண்ணெயையும் பேஸ்ட்டையும் கரைக்கும், வெள்ளி சல்பைடைக் கரைக்காது.

திறந்த ரிலே என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தடித்த வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, காண்டாக்ட் கிளீனரில் நனைத்து, இரண்டு காண்டாக்டுக்கும் நடுவில் செருகி, காண்டாக்டை விரலால் மூடிப் பிடித்துத் தாளை இழுங்கள். கறுப்புக் கோடு தாளில் வரும். கோடு வருவது நிற்கும் வரை இழுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும். மூடிய ரிலே என்றால் துடைக்க வழியில்லை, மாற்றிவிடுங்கள். காண்டாக்ட் கிளீனர் வாங்கும்போது பிளாஸ்டிக்கைப் பாதிக்காது என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். ஓடுகிற மெஷினில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. அந்த டப்பாக்கள் பலவற்றில் தள்ளுகிற வாயுவே நம் சமையல் கேஸ் வகைதான்.

*கொரோனா நேரத்தில் வாங்கிய சானிடைசர் லிட்டர் கணக்கில் இருக்கிறது. ஐபிஏதானே, போர்டுக்கு ஆகுமா?*
– வாசகர், வாலாஜாபேட்டை

ஆகாது. கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருக்கும். ஆல்கஹால் பறந்த பிறகு கிளிசரின் போர்டிலேயே தங்கி, ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

*ரிமோட்டில் செல் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது.*
– வாசகி, போளூர்

அல்கலைன் செல் என்று எழுதியிருந்தால் கசிந்தது காரம். பட்ஸில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ இரண்டு சொட்டுத் தொட்டு வையுங்கள், நுரை அடங்கியதும் டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐபிஏ. சாதாரண மலிவு செல் என்றால் கசிவு அமிலப் பக்கம், அதற்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தொட வேண்டும். வெறும் கையால் சுரண்ட வேண்டாம்.

*எனக்கு வயது 74. வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக். அப்போது சி.டி.சி. என்று ஒரு திரவம் வரும், வால்யூம் கண்ட்ரோலில் இரண்டு சொட்டு விட்டால் கரகரப்பு போய்விடும், தீயும் பிடிக்காது. இப்போது எங்கே கிடைக்கும்? பழைய புட்டி ஒன்றில் கால்வாசி மீதி இருக்கிறது.*
– வாசகர், ஆரணி

ஐயா, வணக்கம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் சி.டி.சி.யைத்தான் கையில் வைத்திருந்தார். அந்த இனிப்பான வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு என்பது முழுப்பெயர். தீ பிடிக்காது என்பதால் ஒரு காலத்தில் தீயணைப்பானிலேயே ஊற்றினார்கள். ஆனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களை இன்னும் மோசமாகத் தாக்கும். சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். வான்வெளியின் ஓசோன் படலத்தையும் அழிக்கும் என்பதால் 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதை நிறுத்த உலக நாடுகள் முடிவு செய்தன. இந்தியாவிலும் இந்த மாதிரி உபயோகங்களுக்கு 2010 ஜனவரி முதல் நிறுத்திவிட்டார்கள். அதனால் தேடாதீர்கள். யாராவது அந்தப் பெயரில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கரகரப்புக்கு, எண்ணெய்ப் பசை கொஞ்சம் தங்குகிற காண்டாக்ட் கிளீனர் வகை வருகிறது. ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கண்டன்சர்களில் தேங்கிய மின்சாரம் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு (உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை), கண்ட்ரோலின் கால்கள் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஸ்பிரே. பிறகு குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது தடவை திருப்புங்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஐபிஏ மட்டும் விட்டால் உள்ளே இருந்த பசையும் போய்க் குமிழ் வறண்டு சுற்றும்.

மீதிக் கால் புட்டியைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டிவிடாதீர்கள், நிலத்தடித் தண்ணீரில் இறங்கினால் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். புட்டியின் மேல் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டி, இன்னொரு டப்பாவுக்குள் மணல் போட்டு நிமிர்த்தி வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் அபாயக் கழிவாக ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் யாரையாவது அனுப்பினால் போதும், நீங்கள் அலைய வேண்டாம். அதுவரை வாசனை பார்ப்பதற்குக்கூட அந்த மூடியைத் திறக்காதீர்கள் ஐயா.